காஸ்பலும் ப்ளூஸும் கூட்டத்தை எழுப்புவது எப்படி?

கேள்வி இதுதான்: மஹாலியா ஜாக்சன், பெஸ்ஸி ஸ்மித், அரீதா ஃப்ராங்க்ளின் போன்ற அமெரிக்கக் கறுப்பினப் பாடகிகள் பாடும்போது கூட்டம் எழுந்து நிற்கிறது, அழுகிறது, கூடவே பாடுகிறது. எங்கள் தேவாலயக் கொயரில் (பாடகர் குழுவில்) அதே பாட்டை, அதே கார்டுகளோடு (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களோடு), சுருதி பிசகாமல் பாடுகிறோம். யாரும் அசைவதில்லை. அவர்களிடம் இருப்பது பிறவிக் குரல் மட்டும்தானா, நாம் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

குரல் இருக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அதே குரலை வைத்துக்கொண்டு வேறு வகைப் பாட்டைப் பாடினால் இந்த விளைவு வராது. காஸ்பல் என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரின் தேவாலயப் பாட்டு, ப்ளூஸ் அவர்களுடைய துக்கமும் கேலியும் கலந்த உலகியல் பாட்டு. இரண்டிலுமே பாட்டின் பாதி இடம் பாடகருக்குச் சொந்தமில்லை. கேட்பவர் வாய் திறக்கவும், தலையாட்டவும், "ஆமாம்" என்று முனகவும் இடம் விட்டுத்தான் பாட்டையே கட்டியிருக்கிறார்கள். உங்கள் கொயர் அந்த இடத்தையும் சேர்த்துப் பாடி நிரப்பிவிடுகிறது என்றுதான் நினைக்கிறேன். பெரும்பாலான கொயர்கள் செய்வது அதைத்தான்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் மீதி சுலபம். அமெரிக்கத் தென்மாநிலங்களில், அடிமைக் காலத்திலும் அதற்குப் பிறகும், வயல் வேலையில் ஒருவர் வரி எடுக்க மற்றவர்கள் பதில் சொல்வார்கள். பதில் விழும் இடத்தில்தான் கோடரி விழும், மண்வெட்டி இறங்கும். நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் 1947-48-இல் மிசிசிப்பியின் பார்ச்மன் சிறைப் பண்ணையில் பதிவு செய்த பாட்டுகளில் கோடரிச் சத்தமே தாளமாகக் கேட்கிறது. தேவாலயத்திலும் இதே கதைதான். எல்லோருக்கும் பாட்டுப் புத்தகம் கிடையாது, பலருக்குப் படிக்கவும் தெரியாது. மூப்பர் ஒருவர் ஆங்கிலக் கீர்த்தனை ஆசிரியர் ஐசக் வாட்ஸ் எழுதிய பாட்டின் ஒரு வரியை வேகமாகச் சொல்லிக் கொடுப்பார். சபை அதை மிக மெதுவாக, ஒவ்வொரு அசையையும் இழுத்து இழுத்துப் பாடும். அந்தப் பாட்டுகளுக்கே 'டாக்டர் வாட்ஸ்' என்று பெயர் நிலைத்துவிட்டது. வயலில் ஆரம்பித்தாலும் சபையில் ஆரம்பித்தாலும், ஒருவர் தனியாகப் பாடி முடிக்கும் பாட்டு அங்கே குறைவு.

முதலில் ப்ளூஸை எடுத்துக்கொள்வோம். அதில் இந்த இடைவெளியை எண்ணியே காட்டலாம். வழக்கமான ப்ளூஸ் ஒரு சுற்றுக்கு 12 பார் (தாளத்தின் ஒரு அளவு). பாருக்கு 4 பீட் என்றால் மொத்தம் 48 பீட். வரிகள் மூன்று, ஒவ்வொன்றுக்கும் 4 பார். ஆனால் பாடகர் ஒரு வரியை இரண்டு பாரும் சொச்சமுமாகவே பாடி முடித்துவிடுவார். மீதி ஏறக்குறைய இரண்டு பார் கிட்டாருக்கோ பியானோவுக்கோ கேட்பவருக்கோ உரியது. நிமிடத்துக்கு 60 பீட் என்ற மெதுவான கதியில் ஒரு சுற்று 48 வினாடி. அதில் பாடகர் வாய் மூடியிருப்பது இருபது வினாடிக்கு மேல்.

சி ஸ்கேலில் வைத்துப் பார்ப்போம். முதல் வரி முழுக்க சி7. இரண்டாவது வரியில் இரண்டு பார் எஃப்7, இரண்டு பார் சி7. மூன்றாவது வரியில் ஒரு பார் ஜி7, ஒரு பார் எஃப்7, பிறகு சி7-க்குத் திரும்பி, கடைசி பாரில் மறுபடி ஜி7-ஐத் தொட்டு அடுத்த சுற்றுக்கு வழி விடுவது. வார்த்தைகளில் முதல் வரியும் இரண்டாவது வரியும் ஒன்றே. மூன்றாவது வரி அதற்கு எதுகையோடு வரும் பதில்.

ஒரே வரியை ஏன் இரண்டு முறை பாட வேண்டும்? பாடிப் பார்த்தால் காரணம் காதில் விழும். ப்ளூஸ் பாடகர் காந்தாரத்தை நிலையாக வைப்பதில்லை. இ ஃப்ளாட்டுக்கும் இ-க்கும் நடுவே, அதாவது ஸட்ஜத்தை சி-யில் வைத்தால் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே, எங்கோ ஒரு புள்ளியில் பிடித்து மேலே தள்ளுவார், அல்லது கீழே சரியவிடுவார். முதல் வரியில் அடியில் ஒலிப்பது சி7. அந்தக் கார்டில் இருப்பது சுத்தமான இ. பாடகரின் தாழ்ந்த காந்தாரம் அதோடு உரசுகிறது, காதில் முள்ளாகக் குத்துகிறது. இரண்டாவது வரிக்கு வரும்போது அதே வார்த்தை, அதே சுரம், ஆனால் அடியில் எஃப்7 வந்துவிட்டது. எஃப்7-க்குள்ளேயே இ ஃப்ளாட் இருக்கிறது. அதனால் சற்று முன்பு குத்திய அதே சுரம் இப்போது போய் உட்கார்ந்துகொள்கிறது. கேட்பவர் யாருக்கும் இந்த இலக்கணம் தெரிய வேண்டியதில்லை. "அதே துக்கம்தான், ஆனால் இப்போது யாரோ பக்கத்தில் இருக்கிறார்கள்" என்ற உணர்வு தானாக வரும். இதை கீபோர்டில் இ ஃப்ளாட் கட்டையை அழுத்தி, அதே சுருதியில் நேராகப் பாடினால் வெறும் மைனர் ஸ்கேல் பாட்டாக முடிந்துவிடும். கமகம் பாடிப் பழகியவர்களுக்கு இந்த வழுக்கல் சுலபமாக வரும். ஆனால் அவர்கள் ஒரு இடத்தில் தவறுவார்கள். சுரத்தை அசைக்கக் கூடாது, ஒரே திசையில் ஒரு முறை தள்ளிவிட்டு விட வேண்டும்.

இடைவெளியை எப்படிப் பயன்படுத்துவது என்பதற்குப் பாடம் வேண்டுமானால் பெஸ்ஸி ஸ்மித் 1925 ஜனவரியில் பதிவு செய்த 'செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்' கேளுங்கள். துணைக்கு ஃப்ரெட் லாங்ஷாவின் ஹார்மோனியமும், லூயிஸ் ஆம்ஸ்ட்ராங்கின் கார்னெட்டும் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவி) மட்டும்தான். பெஸ்ஸி பயன்படுத்தும் சுரங்கள் மிகக் குறைவு. வரியின் பெரும்பகுதி இரண்டு மூன்று சுரங்களுக்குள்ளேயே சுற்றுகிறது. வரி முடிந்ததும் நிறுத்திவிடுகிறார். அங்கே கார்னெட் வந்து அவர் சொன்னதை ஆமோதிக்கிறது, சில இடங்களில் செல்லமாகக் கிண்டலும் செய்கிறது. இருவரும் ஒருவர் மேல் ஒருவர் ஏறுவதே இல்லை. பி.பி. கிங் இதையே ஒற்றை ஆளாகச் செய்தார். பாடும்போது கிட்டார் வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார். 1964 நவம்பரில் சிகாகோவின் ரீகல் தியேட்டரில் பதிவான அவருடைய கச்சேரியில், கிட்டார் பதில் சொல்லி முடிப்பதற்குள் கூட்டம் கத்த ஆரம்பித்துவிடுகிறது. பாடகர் விட்ட இடத்தை யார் நிரப்புவது என்று கிட்டாருக்கும் ஜனங்களுக்கும் போட்டியே நடக்கிறது.

இன்னொரு விஷயம். ப்ளூஸ் என்றாலே அழுகை என்று நினைத்துக்கொண்டு எல்லா வரியையும் உருகி உருகிப் பாடுபவர்கள் நம் பக்கத்தில் அதிகம். மூன்றாவது வரி பல பாட்டுகளில் ஒரு குத்தல், ஒரு கேலி, சில நேரம் பச்சையான நகைச்சுவை. வீட்டை விட்டுத் துரத்தப்பட்டவன் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துக்கொள்வதைக் கேட்டுத்தான் கூட்டம் தெம்பு பெறுகிறது. முதல் இரண்டு வரியை வெறும் செய்தி சொல்வதுபோல் உணர்ச்சியைக் குறைத்துப் பாடி, மூன்றாவதில் கண்ணடிப்பதுதான் சரியான விகிதம். மூன்றிலும் அழுதால் கேட்பவருக்கு அழ இடமில்லாமல் போய்விடுகிறது.

ப்ளூஸும் காஸ்பலும் ஒட்டும் இடத்தில் நிற்பவர் ப்ளைண்ட் வில்லி ஜான்சன். கண் தெரியாத தெருப் பாடகர், டெக்சாஸ்காரர், பாடியதெல்லாம் பக்திப் பாட்டு, வாசித்தது கம்பியை வழுக்கி வாசிக்கும் சுத்தமான ப்ளூஸ் ஸ்லைட் கிட்டார். 1927 டிசம்பரில் டல்லாஸில் அவர் பதிவு செய்த ஒரு பாட்டில் வார்த்தையே கிடையாது. 18-ஆம் நூற்றாண்டின் ஒரு ஆங்கிலக் கீர்த்தனையின் தலைப்பை வைத்துக்கொண்டு, மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் முனகுகிறார். முனகல் நிற்கும் இடத்தில் கிட்டார் கம்பி மிச்சத்தை முனகுகிறது. அன்றைக்குக் கேட்டவர்களுக்கு அந்தக் கீர்த்தனை தெரிந்திருந்தது. வார்த்தையை அவர்களே மனதுக்குள் போட்டுக்கொண்டார்கள். 1977-இல் நாசா வாயேஜர் விண்கலங்களில் அனுப்பிய தங்கத் தகட்டில் இந்தப் பதிவும் இருக்கிறது. உங்களுக்கு இதில் உள்ள நடைமுறைப் பாடம்: எல்லோருக்கும் மனப்பாடமான பாட்டில் ஒரு சரணத்தை வார்த்தையில்லாமல், வாயை மூடிக்கொண்டே பாடுங்கள். சபை தானாக உள்ளே வரும். தெரியாத புதுப் பாட்டில் இதைச் செய்தால் யாருக்கும் எதுவும் ஆகாது.

இரண்டையும் தெரிந்தே கலந்தவர் தாமஸ் டார்ஸி. ஜார்ஜியாவில் 1899-இல் பிறந்து, சிகாகோவில் 'ஜார்ஜியா டாம்' என்ற பெயரில் ப்ளூஸ் பாடகி மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். 1928-இல் கிட்டார்க்காரர் டாம்பா ரெட்டோடு சேர்ந்து வெளியிட்ட ஆபாசக் கிண்டல் பாட்டு ஒன்று சக்கைப்போடு போட்டது. 1932-இல் அவர் வெளியூரில் பாடப் போயிருந்தபோது மனைவி பிரசவத்தில் இறந்தார், குழந்தையும் பிழைக்கவில்லை. அதற்குப் பிறகு எழுதியதுதான் 'டேக் மை ஹேண்ட், ப்ரெஷியஸ் லார்ட்'. மெட்டு புதிதல்ல, பழைய கீர்த்தனை ஒன்றின் மெட்டுதான். டார்ஸி அதை ப்ளூஸ் பியானோக்காரர் கையால் வாசித்தார். நான்கு பீட்டையும் திஸ்ர நடையில் மூன்று மூன்றாகப் பிரித்து, வரி முடிவில் இடம் விட்டு, காந்தாரத்தை வழுக்கவிட்டார். "கடவுளே, கையைப் பிடித்துக்கொள்" என்ற அளவில் நிற்கும் எளிய வேண்டுதல். துக்கம் என்னவென்று பாட்டில் எங்கும் சொல்லவில்லை. அதனால்தான் அது யாருடைய துக்கத்துக்கும் பொருந்துகிறது. 1968-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் இறுதிச் சடங்கில் மஹாலியா இதைப் பாடினார். 1972-இல் மஹாலியாவின் இறுதிச் சடங்கில் அரீதா பாடினார்.

ஆரம்பத்தில் பல சபைகள் டார்ஸியை உள்ளே விடவில்லை. சாராயக் கடைச் சங்கீதம் என்றார்கள். ஒருவகையில் அவர்கள் காது சரிதான், இசை அங்கிருந்துதான் வந்தது.

மஹாலியா ஜாக்சன் டார்ஸியின் பாட்டுகளைப் பல ஆண்டுகள் ஊர் ஊராகப் பாடிப் பரப்பியவர். நியூ ஆர்லியன்ஸில் வளர்ந்தபோது பெஸ்ஸி ஸ்மித்தின் இசைத்தட்டுகளைக் கேட்டே குரலைப் பழக்கியவர், ஆனாலும் கடைசிவரை ப்ளூஸ் பாட மாட்டேன் என்று உறுதியாக இருந்தார். 1947-இல் பதிவாகி அவருக்குப் பெயர் வாங்கித் தந்த 'மூவ் ஆன் அப் எ லிட்டில் ஹையர்' நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டின் இரண்டு பக்கத்திலும் நீள்கிறது. பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். முதல் பக்கத்தில் நடை போடுகிறார், அவசரமே இல்லை. இரண்டாவது பக்கத்தில் மெட்டு மாறுவதில்லை, சுருதி ஏறுவதில்லை. ஆனால் சொற்றொடர்கள் குறுகிக் குறுகி, இடைவெளிகள் நெருங்கி வருகின்றன. கேட்பவரின் மூச்சும் அதோடு சேர்ந்து வேகமெடுக்கிறது. அவர் மூச்சு எடுக்கும் இடத்தையும் கவனியுங்கள். மேற்கத்தியப் பயிற்சி பெற்றவர்கள் வரி முடிவில் மூச்செடுப்பார்கள். மஹாலியா முக்கியமான வார்த்தைக்கு முன்னால், வரியின் நடுவில் வெட்டி மூச்செடுப்பார். அந்த அரை வினாடியில் அரங்கம் முழுக்க அடுத்த வார்த்தைக்குக் காத்திருக்கும். பல ஆண்டுகள் அவருக்குப் பியானோ வாசித்த மில்ட்ரெட் ஃபால்ஸ் அவர் முகத்தைப் பார்த்தே வாசித்தார். மெட்ரோனோம் வைத்த கீபோர்டு டிராக்கோடு இப்படிப் பாட முடியாது. நீங்கள் டிராக் போட்டுப் பாடுகிறீர்கள் என்றால் முதலில் அதை நிறுத்த வேண்டும்.

இனி கொயருக்கு நேரடியாக உதவும் பகுதி. காஸ்பல் கொயர் பாட்டில் சரணம், பல்லவி எல்லாம் முன்னோட்டம்தான். கூட்டம் எழுவது கடைசியில் வரும் வேம்ப் என்ற பகுதியில். நான்கு அல்லது எட்டு பார் கொண்ட ஒரு துண்டு திரும்பத் திரும்பச் சுற்றும். கொயர் இரண்டு முதல் நான்கு வார்த்தை கொண்ட ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கும். தலைமைப் பாடகர் அதன் இடைவெளியில் மாறி மாறிப் பாடுவார். பதில் மாறவே கூடாது. சபை இரண்டாவது சுற்றில் பதிலைக் கண்டுபிடிக்கும், மூன்றாவதில் சேரும். அதற்குள் நீங்கள் பதிலையும் மாற்றினால் அவர்கள் கைவிட்டுவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பிப்பார்கள். தலைமைப் பாடகர் அடுத்த வரியின் வார்த்தைகளை எடுத்துக் கொடுப்பது பாரின் மூன்றாவது, நான்காவது பீட்டில் முடிந்துவிட வேண்டும். அப்போதுதான் எல்லோரும் முதல் பீட்டில் சேர்ந்து நுழைய முடியும். அரை பீட் தாமதித்தால் கொயர் தனியாக நுழையும், சபை வாயைத் திறந்து மூடும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றே ஒன்று மாறட்டும். காஸ்பல் கொயர் பெரும்பாலும் சோப்ரானோ, ஆல்டோ, டெனர் என்று மூன்று குரல்தான், தனி பாஸ் கிடையாது. சி மேஜர் கார்டை முதலில் டெனர் ஜி, ஆல்டோ சி, சோப்ரானோ இ என்று வைத்துப் பாடுங்கள். சில சுற்றுக்குப் பிறகு ஒவ்வொருவரும் ஒரு படி ஏறி சி, இ, ஜி. பிறகு இ, ஜி, மேல் சி. ஸ்கேல் மாறவில்லை, கார்டு மாறவில்லை, ஆனால் கூரை உயர்ந்ததுபோல் இருக்கும். அதன் பிறகுதான் அரைக் கட்டை ஏற்றம். இரண்டு முறை ஏற்றினால் டி ஸ்கேலுக்கு வருவீர்கள், சோப்ரானோ மேல் டி-யில் நிற்பார்கள். சாதாரண கொயருக்கு நெஞ்சுக் குரலில் அதுதான் எல்லை. அதற்கு மேல் போனால் கூச்சல். ஆகவே ஸ்கேலை முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணித் தேர்ந்தெடுங்கள். பாதிப் பேர் தொடக்கத்தில் வசதியான ஸ்கேலைப் பிடித்துவிட்டு, ஏற்றும்போது தொண்டை கிழிந்து நிற்கிறார்கள்.

ஏற்றத்துக்கு இணையாக இறக்கமும் வேண்டும். உச்சத்துக்கு வந்ததும் ட்ரம்ஸ், பாஸ் கிட்டார், கீபோர்டு எல்லாம் சட்டென்று நிற்க, கைதட்டலும் குரலும் மட்டும் எட்டு பார் ஓடட்டும். ஜனங்களுக்குத் தங்கள் சத்தம் முதல் முறையாகக் காதில் விழுவது அங்கேதான். அதற்குப் பிறகு அவர்களை நிறுத்துவது கஷ்டம்.

கைதட்டல் இரண்டாவது, நான்காவது பீட்டில். ஒன்றிலும் மூன்றிலும் தட்டினால் பாட்டு அணிவகுப்பாகிவிடும். கூட்டம் தட்டத் தட்ட வேகம் கூடும், அது இயல்பு. ட்ரம்ஸ்காரர் பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். மெதுவான திஸ்ர நடைப் பாட்டை நிமிடத்துக்கு 55-லிருந்து 70 பீட்டுக்குள் வையுங்கள். 80-ஐத் தாண்டினால் இடைவெளிகள் செத்துப்போகும். ஆர்கன் ஒலி வைத்திருக்கும் கீபோர்டுக்காரருக்கு ஒரு குறிப்பு: ஹேமண்ட் ஆர்கனோடு வரும் லெஸ்லி ஸ்பீக்கரில் ஒலி சுழலும், மெதுச் சுழற்சி ஒன்று, வேகச் சுழற்சி ஒன்று. சரணத்தில் மெதுவாக, வேம்பின் உச்சத்தில் மட்டும் வேகமாக. பலர் பாட்டு முழுக்க வேகத்திலேயே விட்டுவிடுகிறார்கள், உச்சம் வரும்போது கையில் ஒன்றும் மிச்சமிருப்பதில்லை.

குரல் வித்தைகளைப் பற்றிக் கேட்காமல் இருக்க மாட்டீர்கள். கரகரப்பு என்பது குரல்நாண்களுக்கு மேலே உள்ள திசுக்களும் சேர்ந்து அதிர்வதால் வருவது. தொண்டையை இறுக்கி அதைப் போலி செய்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் குரல் கட்டிவிடும். தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள், அது இல்லாமலே பாட்டு நிற்கும். தெரிந்தவர்களும் ஒரு சரணத்துக்கு ஒரு வார்த்தையில் மட்டும் வைப்பது நல்லது. சுரங்களை அடுக்கி உருட்டுவதும் அப்படியே. ஐந்து சுரம் போதும், மேலிருந்து கீழே, வரியில் எடை உள்ள ஒரே வார்த்தையில். டிவி பாட்டுப் போட்டிகளைப் பார்த்துவிட்டு எல்லா வார்த்தையிலும் உருட்டுகிறார்கள். கேட்பவர் கூடப் பாட முடியாமல் வாயை மூடிக்கொள்கிறார், கைதட்டுகிறார், வீட்டுக்குப் போகிறார்.

அரீதாவும் நீளமாக உருட்டினாரே என்பீர்கள். 1972 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் இரண்டு இரவு, காஸ்பல் பாடகர் ஜேம்ஸ் கிளீவ்லேண்ட் துணையோடும் சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயரோடும் அவர் பதிவு செய்ததில் 'அமேசிங் கிரேஸ்' மட்டும் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடுகிறது. அது பழைய 'டாக்டர் வாட்ஸ்' முறை. தாளம் கிடையாது, ஒவ்வொரு அசையும் ஒரு பயணம். ஆனால் அந்தப் பாட்டு அங்கிருந்த ஒவ்வொருவருக்கும் மனப்பாடம். அடுத்த அசை எது என்று எல்லோருக்கும் தெரியும், அங்கே எப்போது, எந்த வழியாக வந்து சேருவார் என்பதுதான் தெரியாது. ஒவ்வொரு முறை அவர் கரை சேரும்போதும் கூட்டம் வெடிக்கிறது. கொயரில் இருப்பவர்களே எழுந்து கத்துகிறார்கள். அன்று படம்பிடித்ததில் ஒலியோடு பொருத்த உதவும் கிளாப் பலகை அடிக்காமல் விட்டதால் முதலில் படத்தையும் ஒலியையும் பொருத்த முடியாமலும், பிறகு அரீதாவே தொடுத்த வழக்குகளாலும் 2018 வரை அது வெளியே வரவில்லை. இப்போது கிடைக்கிறது. பாடகரைப் பார்க்காமல், ஒரு முறை கொயரின் முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டே ஓடவிடுங்கள். கேட்பது எப்படி என்பதற்கு அதைவிடப் பெரிய பாடம் இல்லை.

ஊக்கம் என்பது அரங்கத்தோடு நின்றுவிடவில்லை என்பதற்கு 1960-களில் அமெரிக்கக் கறுப்பினத்தவர் நடத்திய குடிமை உரிமைப் போராட்டமே சாட்சி. சார்ல்ஸ் ஆல்பர்ட் டிண்ட்லி என்ற போதகர் 1901 வாக்கில் வெளியிட்ட பாட்டில் "நான் ஒருநாள் வெல்வேன்" என்பதுதான் கருத்து. 1945-46-இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் சுருட்டு ஆலை வேலைநிறுத்தத்தில் பெண் தொழிலாளர்கள் இதன் சாயலில் ஒரு பாட்டை "நாம்" என்று பாடினார்கள். அது போராட்டக்காரர்களுக்குப் பயிற்சி தந்த, டென்னசியின் ஹைலேண்டர் பள்ளிக்குப் போய், அங்கிருந்து 'வீ ஷல் ஓவர்கம்' என்று நாடெங்கும் பரவியது. 1959-இல் அந்தப் பள்ளியில் போலீஸ் புகுந்து விளக்கை அணைத்தபோது, இருட்டில் இருந்தவர்கள் "நமக்குப் பயமில்லை" என்று ஒரு சரணத்தைச் சேர்த்தார்கள். ஒரு வார்த்தையை மாற்றினால் புதுச் சரணம் கிடைக்கும், புத்தகம் வேண்டாம், இருட்டிலும் பாடலாம். வேம்ப் மாதிரியே இதுவும் கட்டுமானத்தின் பலன்தான். 1961-இல் ஜார்ஜியாவின் ஆல்பனியில் பெர்னிஸ் ஜான்சன் ரீகன் ஒரு பழைய பாட்டைத் தொடங்கும்போது, காற்றில் "துன்பம்" தெரிகிறது என்ற இடத்தில் "விடுதலை" என்று போட்டுப் பாடினார். அந்த நொடியிலேயே கூட்டம் பிடித்துக்கொண்டது, பதில் வரிகள் ஏற்கெனவே அவர்கள் வாயில் இருந்ததால்.

1962 ஆகஸ்டில் மிசிசிப்பியில் வாக்காளராகப் பதியப் போன 18 பேர் திரும்பி வந்த பஸ்ஸைப் போலீஸ் மறித்தது. பஸ்ஸின் மஞ்சள் நிறம் பள்ளி வண்டி மாதிரி இருக்கிறதாம், டிரைவருக்கு அபராதம். உள்ளே இருந்தவர்கள் நடுங்கிக்கொண்டிருக்க, ஃபேனி லூ ஹேமர் சபைப் பாட்டுகளை எடுத்தார். அவர் தொழில்முறைப் பாடகர் அல்ல, பருத்தித் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அடுத்த ஆண்டு வாஷிங்டன் பேரணியில் சுமார் இரண்டரை லட்சம் பேர் முன்னால் மஹாலியா பாடினார். பிறகு மார்ட்டின் லூதர் கிங் பேசிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து "அந்தக் கனவைப் பற்றிச் சொல்லு, மார்ட்டின்" என்று குரல் கொடுத்தார் என அருகில் இருந்தவர்கள் சொல்கிறார்கள். சபையில் உட்கார்ந்து போதகருக்குப் பதில் குரல் கொடுக்கும் பழக்கம்தான் அது. உலகப் புகழ் பெற்ற பாடகியே அந்த நேரம் சபையில் ஒருவராக இருந்தார்.

உங்கள் கொயர் தமிழில் பாடும்போது கூடுதலாக இரண்டு சிக்கல் வரும். ஆங்கில வரி பெரும்பாலும் 'ஐ', 'த' போன்ற இலேசான சொல்லில் முதல் பீட்டுக்கு முன்பே தொடங்கி, கனமான சொல்லை பீட்டில் போடும். தமிழில் அப்படிப்பட்ட முன்னொட்டு கிடையாது. சொல்லின் முதல் அசையே கனம், அதனால் எல்லா வரியும் முதல் பீட்டில் டமாலென்று விழுந்து அணிவகுப்புப் பாட்டாகிறது. முதல் பீட்டைக் காலியாக விட்டு, அதன் பின்பாதியிலோ இரண்டாவது பீட்டிலோ வரியை எடுங்கள். உடனே வித்தியாசம் தெரியும்.

இரண்டாவது, குறில் நெடில். குறிலை இழுத்தால் சொல் மாறும் அல்லது சிதையும். நீட்டவும் உருட்டவும் ஆ, ஏ, ஓ என்ற நெடில் இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். கொயரின் பதில் வரி "அன்பு", "பாட்டு", "வந்து" என்று குற்றியலுகரத்தில் முடிந்தால் கடைசி சுரம் நிற்காது, உகரம் குறுகி ஒலி தேய்ந்துவிடும். "வாருமே", "தேவனே", "போதுமே" போல ஏகாரத்தில் முடிகிற பதிலாக எழுதிக்கொண்டால் இரண்டு பார் தாராளமாக நிற்கும், மூன்று குரலும் பொருந்தி ஒலிக்கும். அந்த ஏகாரத்தைக் கொயர் பிடித்துக்கொண்டிருக்கும்போதுதான் தலைமைப் பாடகர் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுக்க வேண்டும். முதல் ஒத்திகையில் மைக், ட்ரம்ஸ் எதுவும் வேண்டாம். ஒரே ஒரு நான்கு பார் துண்டை, கைதட்டலோடு மட்டும், பதில் மாறாமல் இருபது சுற்று ஓட்டுங்கள். பத்தாவது சுற்றில் சலிப்பு வரும், பலர் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பாட்டு பிடிப்பது அதைத் தாண்டித்தான்.